பள்ளிக் கழிப்பறையைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
பள்ளி வாயிலுக்கு எதிர்வீடு, வடசென்னை.

பெறுநர்
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
மண்டல அலுவலகம், சென்னை.

நாள்: 16.02.2026

பொருள்: தொடக்கப் பள்ளிக் கழிப்பறை – ஏழு மாதங்களாகப் பூட்டிக் கிடப்பது – கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்து திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 21.07.2025, 15.09.2025, 08.12.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவைத் தங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாட்களில் தங்கள் வாகனம் எங்கள் தெரு வழியாகத்தான் சுற்றிப் போகிறது. பச்சை கேட், வேப்பமரம், அதுதான் பள்ளி. தங்கள் மேலான பார்வைக்குக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு பள்ளி நன்றாகவே நடந்தது. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் மொட்டு என்ற நடு நிலையில் இருந்த என் மகள் மலர் என்ற மேல் நிலைக்கு வந்துவிட்டாள். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் மகன் ஜூனில் 'அ' தெரியாமல் வந்தவன். பொங்கல் விழாவில் மேடையேறி 'அகர முதல' குறளைத் திக்காமல் சொன்னான். அன்று பெற்றோர்கள் நாங்களே பானை வைத்துப் பொங்கினோம். ஆசிரியைகள் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளவும், பிறகு அவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டாம்.

2. ஜூலை மாதம் மழைநீர் வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டிய இயந்திரம், பள்ளிக் கழிப்பறையிலிருந்து பாதாளச் சாக்கடைக்குப் போகும் குழாயை உடைத்துவிட்டது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டே நாளில் கழிவு திரும்பி முற்றத்துக்கு வந்தது. தலைமையாசிரியர் வேறு வழியில்லாமல் நான்கு அறைகளையும் பூட்டினார். வடிகால் பார்ப்பவர்கள், கழிவுநீர் தங்கள் வேலை இல்லை என்கிறார்கள். கழிவுநீர் பார்ப்பவர்கள், உடைத்தவர்தான் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். உடைந்த குழாய் பத்தடி நீளம் இருந்தால் அதிகம்.

3. ஐயா, பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இந்த மனுவில் வேறெதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் படிக்க வேண்டுகிறேன். ஆண் பிள்ளைகள் சுற்றுச்சுவரைத் தேடிப் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

என் மகளுக்குத் தினமும் காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் நிரப்பிக் கொடுக்கிறேன். சாயங்காலம் பையைத் தூக்கும்போதே தெரிந்துவிடும், போன கனத்திலேயே திரும்பி வந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றுகிறேன். தொட்டி செழிப்பாக இருக்கிறது ஐயா.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது என்று போன ஆண்டு அரசு 'வாட்டர் பெல்' கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. எங்கள் பள்ளியிலும் தவறாமல் மணி அடிக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டிலை எடுக்கிறார்கள், மூடியைத் திறக்கிறார்கள், உதட்டை நனைத்துக்கொண்டு மூடிவைத்துவிடுகிறார்கள். டீச்சரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். 'குடி' என்று அதட்டலாம். அரை மணி நேரம் கழித்து அந்தப் பிள்ளை எழுந்து நின்றால் எங்கே அனுப்புவது?

காலை உணவில் பொங்கல் போடும் நாள் என்றால் என் மகளுக்கு உயிர். மிளகைக் கடித்துவிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டிவரும் என்று, ஒவ்வொரு மிளகாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குகிறாள். எட்டு வயதுப் பிள்ளை இந்த ஆண்டு தானாகக் கற்றுக்கொண்ட பாடம் இது.

நவம்பரில் காய்ச்சல் வந்து, நீர்க்கடுப்பில் இரவெல்லாம் அழுதாள். சுகாதார நிலையத்தில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள்?" என்பது. நான் பதில் சொல்லும் முன்பே, "பள்ளியில் கழிப்பறை இல்லையா?" என்று அவரே கேட்டுவிட்டார். அவருக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

4. என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு குடித்தனத்துக்கு ஒரு கழிப்பறை. தொடக்கத்தில் என் மகளும் அவள் தோழியும் மட்டும் ஓடிவந்தார்கள். இப்போது இடைவேளை மணி அடித்தால் மாடிப்படி வரை வரிசை நிற்கிறது. போன வியாழக்கிழமை எண்ணினேன், பத்தொன்பது பேர். தையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கை பம்பில் தண்ணீர் அடித்து வாளியை நிரப்பி வைக்கிறேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நாடா முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, அதையும் நான்தான் பார்க்கிறேன். 'அக்கா, நாளைக்கும் வரலாமா?' என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மார்ச் முதல் கேட்டைப் பூட்டிவைக்கும்படி வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் அரசுப் பள்ளியின் கழிப்பறையை எத்தனை நாள் அவர் வீட்டில் நடத்துவது?

5. செப்டம்பர் மனுவுக்குப் பிறகு, 'தங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது' என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. கையில் கைபேசியோடு தெருவைக் கடந்து போய்ப் பார்த்தேன். அதே பூட்டு. துரு மட்டும் கூடியிருந்தது. டிசம்பர் மனுவுக்குப் பிறகு ஒருவர் வந்தார், பூட்டைப் படம் எடுத்தார், போய்விட்டார்.

6. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2012 அக்டோபரில் ஆறு மாதக் கெடு வைத்து உத்தரவிட்டது. பத்தாவது படித்த எனக்கே தெரிகிறது, தங்களுக்குத் தெரியாதா? 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட ஊர் இது. சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்த தேவை என்ன என்பதை நான் மனுப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

7. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலுக்கு இதே பள்ளிதான் வாக்குச்சாவடி. மூன்றே நாளில் குழாய் மாற்றினார்கள், விளக்கு போட்டார்கள், கழிப்பறைக் கதவுக்குப் பச்சை வண்ணமும் அடித்தார்கள். சட்டமன்றத் தேர்தல் நெருங்குகிறது. அப்போது மறுபடியும் ஆட்கள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஓட்டுப் போட ஒரு நாள் வந்து போகிற எங்களுக்காகத் திறக்கிற கதவை, தினமும் வருகிற பிள்ளைகளுக்காக இரண்டு மாதம் முன்பே திறக்கக் கூடாதா?

8. திறந்துவிடுங்கள் ஐயா.

ஆகவே, எந்தப் பிரிவின் வேலை என்பதைத் தாங்களே முடிவு செய்து, ஆண்டுத் தேர்வுக்கு முன்பாகக் குழாயைச் சரிசெய்து, கழிப்பறையைத் திறந்துவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் நாற்பத்தொரு பேரின் கையொப்பமும் கைநாட்டும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பதிலாகக் குறுஞ்செய்தி வேண்டாம், ஆளை அனுப்புங்கள். எந்த நாள் என்று முன்கூட்டித் தெரிவித்தால் நான் வாசலிலேயே இருப்பேன். உடைந்த இடம் வேப்பமரத்திலிருந்து நாலு எட்டுத் தூரம், காட்டுகிறேன். தெரு முழுவதையும் மறுபடி தோண்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
எதிர்வீட்டுத் தாய்