மோட்டாரை மாற்றும் முன் ஷாஃப்டைக் கழற்றிப் பாருங்கள்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகளில் நீர் நிறைந்து நிற்கும் மாதங்களில்தான் எங்கள் கடைக்கு ரிமோட் படகுகள் பழுதுபார்க்க அதிகமாக வருகின்றன. கொண்டு வருபவர்களில் பலர் படகை மேசைமேல் வைக்கும்போதே, “மோட்டார் போய்விட்டது, புதிதாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். நாங்கள் மோட்டார் விற்பவர்கள்தாம். கேட்டதை எடுத்துக் கொடுப்பது எங்களுக்கு எளிது. ஆனால் அப்படிக் கொடுத்த மோட்டார் சில வாரங்களிலேயே அதேபோல் கருகித் திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்துவிட்டதால், மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் ஷாஃப்டைக் கழற்றிப் பார்க்காமல் மாற்று மோட்டார் விற்பதில்லை என்று இப்போது முடிவு செய்திருக்கிறோம். அந்த முடிவுக்கான காரணத்தையும், கடைக்கு வராமலேயே நீங்கள் வீட்டில் செய்துகொள்ளக்கூடிய பராமரிப்பையும் விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் தம் வேகப் படகை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். மூடியைத் திறந்ததுமே சுருள் கருகிய வாடை அடித்தது. நாங்கள் மோட்டாரைத் தொடாமல், முதலில் மோட்டார்த் தண்டோடு ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கும் காலெட்டைத் தளர்த்திவிட்டு, வளையக்கூடிய பிளெக்ஸ் ஷாஃப்டைப் பின்பக்கமாக உருவினோம். ஒரு சாண் நீளம் தடையில்லாமல் வந்தது, அதற்குமேல் நகரவில்லை. குறடால் பிடித்து மெல்லத் திருகி இழுத்தபோது வெளிவந்த பகுதியில் கிரீஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. கறுத்து இறுகிப்போன பசையும், அதன் நடுவே மூன்று விரல் அகலத்துக்குச் செந்துருவும், அந்த இடத்தில் புரி விட்டு நிமிர்ந்து நின்ற இரண்டு கம்பி இழைகளும் இருந்தன. படகு வாங்கிய அன்று தடவிய கிரீஸ்தான் என்றும், எட்டு மாதமாக மறுபடி தடவவில்லை என்றும் அவர் சொன்னார். அந்த மோட்டாரில் தொடக்கத்தில் எந்தக் குறையும் இருந்திருக்காது என்பதே எங்கள் கணிப்பு. புரொப்பெல்லரைச் சுழற்ற வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை அது ஷாஃப்ட் செல்லும் குழாய்க்குள் இருந்த துருவைத் தேய்க்கவே செலவிட்டிருக்கிறது.

மின்மோட்டாரின் இயல்பை அறிந்துகொண்டால் இது ஏன் இவ்வளவு நாள் வெளியே தெரியவில்லை என்பது விளங்கும். பெட்ரோல் எஞ்சினுக்குப் பாரம் கூடினால் அது திணறும், சத்தம் மாறும், நின்றுவிடும். மின்மோட்டாரோ பாரம் கூடக் கூட மின்னோட்டத்தைக் கூடுதலாக இழுத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி உயர்கிறது. அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். படகு முன்போலவே ஓடுவதாகக் கரையில் நிற்பவர் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே மோட்டாரும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும், பேட்டரியும் சேர்ந்து வெந்துகொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். ஐந்து வினாடி வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் அடுத்த பேட்டரியைப் போடாதீர்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஓட்ட நேரம் காரணமின்றிக் குறைந்தாலும் அதே சந்தேகம் வரட்டும்.

வேகப் படகுகளில் இருக்கும் பிளெக்ஸ் ஷாஃப்ட் என்பது எஃகுக் கம்பிகளைப் புரியாக முறுக்கிச் செய்த வடம். அதை ஓட்டம் நடக்கும் ஒவ்வொரு நாளின் முடிவிலும் உருவியெடுத்து, பழைய கிரீஸைத் துணியால் முழுவதும் துடைத்து, நீர் புகாத மரைன் கிரீஸைப் புரிகளுக்கிடையே விரலால் அழுத்தித் தடவி மறுபடி செருக வேண்டும். ஒரே நாளில் நான்கைந்து பேட்டரி ஓட்டுபவர்கள் நடுவிலும் ஒருமுறை தடவுவது நல்லது. கிரீஸ் இரண்டு வேலை செய்கிறது: உராய்வைக் குறைக்கிறது, குழாய் வழியாக நீர் உள்ளே ஏறுவதையும் தடுக்கிறது. டபிள்யூ.டி.40 தெளித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதன் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளே நீரை விலக்குவது என்பதன் சுருக்கம்தான். நனைந்த ஷாஃப்டிலிருந்து ஈரத்தை விரட்ட அது உதவும். கிரீஸுக்கு அது மாற்றாகாது, மேலும் ஏற்கெனவே இருக்கும் கிரீஸையும் அது கரைத்துவிடும்.

ஷாஃப்டைத் திரும்பப் பொருத்தும்போது புரொப்பெல்லருக்கு முன்னால் அதைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் டாக், படகின் பின்புறம் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் பின்முனையை ஒட்டி நிற்காமல், இடையில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் ஏறும்போது முறுக்கிய வடம் மேலும் இறுகி நீளத்தில் சற்றுக் குறுகுகிறது. இடைவெளி விடாவிட்டால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டின் மேல் அழுந்தி, பிரேக் பிடித்ததுபோல் ஆகிவிடும். கையால் சுழற்றும்போது எந்தத் தடையும் தெரியாமல், நீரில் விசை கொடுத்தால் மட்டும் மோட்டார் சூடாகும் படகுகளில் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். வடத்தின் புரி ஒரு திசைச் சுழற்சிக்கென முறுக்கப்பட்டது என்பதால், முழு விசையில் ரிவர்ஸ் கொடுத்தால் புரி அவிழும். ரிவர்ஸ் வசதி இருந்தாலும் கரைக்கு வர மெதுவாக மட்டும் பயன்படுத்துங்கள். காலெட்டை இறுக்குவதற்கு முன் அதன் உட்புறத்தையும் வடத்தின் முனையையும் ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு ஸ்பேனர் கொண்டு இறுக்குங்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் கிரீஸ் இருக்கக் கூடாது. இருந்தால் ஷாஃப்ட் வழுக்கும்.

மெதுவாகச் செல்லும் கப்பல் மாதிரிகளின் கதை வேறு. தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரிப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களும் அவர்களின் பயிற்றுநர்களும் எங்களிடம் வாங்குவது பெரும்பாலும் 540 என்னும் அளவு மோட்டாரும் 4 மில்லிமீட்டர் நேர் ஷாஃப்டும்தான். இவற்றில் தொல்லை தருவது மோட்டாரும் ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டில் அமையாததே. இரண்டையும் இணைக்க யுனிவர்சல் கப்ளிங் போட்டிருக்கிறோமே, கோணல் இருந்தால் என்ன என்று நினைத்துவிடாதீர்கள். கப்ளிங் சிறிதளவு கோணலைத்தான் தாங்கும். அதற்குமேல் போனால் கடகடவென்ற சத்தமும் அதிர்வும் வந்து, குழாய் முனையில் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து நீர் கசியும். நாங்கள் சொல்லும் வழி எளியது. ஒருபுறம் மோட்டாரின் 3.17 மில்லிமீட்டர் தண்டும் மறுபுறம் 4 மில்லிமீட்டர் ஷாஃப்டும் ஆட்டமின்றிப் பொருந்தும்படி லேத்தில் கடைந்த ஒரு நேரான பித்தளைக் குழலை இரண்டுக்கும் நடுவே மாட்டுங்கள். அது இருக்கும் நிலையிலேயே மோட்டார்த் தாங்கியை எபாக்ஸி கொண்டு ஒட்டி, ஓர் இரவு முழுவதும் காயவிட்டு, பிறகு குழலை எடுத்துவிட்டுக் கப்ளிங்கைப் போடுங்கள். அந்தக் குழலை எங்கள் கடையில் இரவல் தருகிறோம். அதற்காக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வேலை சரியாக அமைந்ததா என்பதை ஒரு அம்மீட்டர் சொல்லிவிடும். கப்ளிங் இல்லாமல் மோட்டாரைத் தனியே ஓட்டி அளவைக் குறித்துக்கொண்டு, ஷாஃப்டை இணைத்து, புரொப்பெல்லர் இல்லாமல் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அளவு சிறிதே கூடினால் நல்லது. இரண்டு மடங்கை நெருங்கினால் எங்கோ பிடிக்கிறது என்று பொருள். ஷாஃப்டுக்கு முன்னும் பின்னும் சிறிது ஆட்டம் வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு போதும். குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி அமைத்தால், புஷ் தேய்ந்தாலும் படகு மூழ்காது.

அடுத்தது புரொப்பெல்லர். நம் ஏரிகளில் வேலம்பாசியும் ஆகாயத்தாமரை வேரும் சிக்குவது எல்லோருக்கும் தெரிந்ததே. கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது தூண்டில் நரம்பு. மீன் பிடிப்பவர்கள் அறுத்துவிட்டுப்போன நரம்பு புரொப்பெல்லரின் பின்னே சென்று, டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டு, சூட்டில் உருகி ஒரு வளையமாக ஒட்டிவிடும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. படகு வேகம் குறைந்ததாகத் தோன்றிய கணமே விசையை விட்டுவிட்டு மெதுவாகக் கரைக்குக் கொண்டுவாருங்கள். இன்னும் அழுத்திப் பார்ப்பதில்தான் ஈ.எஸ்.சி. போகிறது.

பெரிய புரொப்பெல்லர் போட்டால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையால் போன மோட்டார்களும் உண்டு. அதே சுழல் வேகத்தில் புரொப்பெல்லருக்குத் தேவைப்படும் ஆற்றல் அதன் விட்டத்தின் ஐந்தாம் மடிப்படி ஏறக்குறைய உயர்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், 40 மில்லிமீட்டருக்குப் பதில் 45 மில்லிமீட்டர் போடுவது பார்வைக்கு அரை சென்டிமீட்டர் வித்தியாசமாக இருந்தாலும், சுமையில் அது சுமார் 1.8 மடங்கு. எனவே அளவை மாற்ற விரும்பினால் ஒரு மில்லிமீட்டர் அல்லது இரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூட்டி, ஒரு நிமிடம் ஓட்டி, சூட்டைப் பார்த்து மேலே செல்லுங்கள். முனை உடைந்த பிளாஸ்டிக் புரொப்பெல்லரை, இன்னும் ஓடுகிறதே என்று வைத்திருக்காதீர்கள். அதன் அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும். உலோகப் புரொப்பெல்லர்களைத் தீட்டிக் கூராக்குபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அவற்றில் சில பெரிலியம் கலந்த செம்பால் வார்க்கப்பட்டவை. அந்தத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குத் தீராத கேடு. உலர்ந்த நிலையில் ஒருபோதும் அரைக்காதீர்கள். நீரில் நனைத்து, முகக்கவசம் அணிந்து, குழந்தைகள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள். எங்களிடம் கொடுத்தால் நாங்களே செய்து தருகிறோம்.

நீரால் குளிரூட்டும் மோட்டார் இருந்தால், படகு ஓடும்போது பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே இழுக்கும் துளையில் ஒரு பாசி இழை அடைத்தாலே போதும், நீர் நின்றுவிடும். வீட்டில் 20 மில்லிலிட்டர் சிரிஞ்சில் நீரை நிரப்பி உள்துளை வழியாக அழுத்தினால், எதிர்முனையில் தடையின்றி வர வேண்டும். வராமல் படகின் அடியில் ஈரம் தெரிந்தால் எங்கோ சிலிகான் குழாய் கழன்றிருக்கிறது. அதை மாட்டிவிட்டு மெல்லிய கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

சுக்கான் இணைப்பிலும் மோட்டார்த் தாங்கியிலும் உள்ள திருகுகள் தளராமலிருக்க நீல நிற த்ரெட் லாக்கர் பசை ஒரு துளி போதும். ஆனால் உலோகம் உலோகத்தோடு சேரும் இடத்தில் மட்டும் இடுங்கள். சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடச் செய்யும்.

முட்டுக்காடு போன்ற உப்பங்கழியில் ஓட்டுபவர்கள் அன்றைக்கே நல்ல தண்ணீரில் படகைக் கழுவுங்கள். அலுமினிய ஸ்ட்ரட்டும் ஸ்டெயின்லெஸ் திருகும் சேரும் இடத்தில் உப்பு நீர் தங்கினால் அலுமினியம் அரித்து, திருகைக் கழற்றவே முடியாமல் போகும். எந்த நீரில் ஓட்டினாலும் வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றி வைத்துக் காயவிடுங்கள். மூடியை டேப்பால் ஒட்டிய படகை மறுவாரம் வரை அப்படியே பரணில் வைத்ததால் துருப்பிடித்த மோட்டார் பேரிங்குகளை நாங்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

இவ்வளவும் செய்தும் நடு ஏரியில் படகு நின்றுவிட்டால், அதை எடுக்க நீந்திப் போகாதீர்கள். பாசி காலைச் சுற்றும் இடம் அது. தூண்டில் கயிற்றின் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டிப் படகுக்கு அப்பால் வீசி இழுத்தால் படகு மெல்ல வந்துவிடும். இல்லையென்றால் காற்று கரைசேர்க்கும் வரை காத்திருங்கள்.

பழுதுக்காகப் படகைக் கொண்டு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஷாஃப்டைக் கழற்றித்தான் கொண்டு வருகிறீர்கள் என்றால், அதிலுள்ள கிரீஸைத் துடைக்காமல் அப்படியே காகிதத்தில் சுற்றிக் கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் கறுத்திருக்கிறது, எந்த இடத்தில் பளபளவென்று தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே குழாய் எங்கே வளைந்திருக்கிறது என்று எங்களால் சொல்லிவிட முடியும். ஓட்டியபோது போட்டிருந்த புரொப்பெல்லரையும் உடன் எடுத்து வாருங்கள். ஷாஃப்டைச் சோதித்துச் சொல்வதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
கடைப் பொறுப்பாளர்