ஒளியா, ஒலியா? மும்பைத் தமிழ் அமைப்புகளின் செயலாளர்களுக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என எங்கே விழா நடந்தாலும், வீடியோ எடுப்பவர் பெயருக்கு முன்னால் 'ஒலிப்பதிவு' என்று அழைப்பிதழில் அச்சாகிவிடுகிறது. ஒலிப்பதிவாளர் மிக்ஸர் பக்கத்தில் ஹெட்போனோடு உட்காருபவர். கேமராவைப் பிடிப்பவர் ஒளிப்பதிவாளர். ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுகிறார். மேடைக்கு நேரே யாருக்கு இடம், மிக்ஸர் இணைப்பு யாருக்கு என்பதும் குழம்புகிறது.

இங்கே வளரும் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லித்தரலாம். பள்ளியில் படிக்கும் இந்தியில் ள இல்லை, மராத்தியில் உண்டு. மராத்தியில் கண்ணுக்கு 'டோளா' என்று பெயர். அந்த ளதான் ஒளியிலும் வருகிறது.

வீடியோகிராபர் என்பது இருமொழி ஒட்டு. 'வீடியோ' லத்தீன், 'நான் பார்க்கிறேன்' என்று பொருள். 1930களில் தொலைக்காட்சியின் படப்பகுதியைக் குறிக்க ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. 'கிராப்' கிரேக்கம்: கீறுதல், எழுதுதல், வரைதல். நம் 'எழுது'வும் அப்படித்தான். ஓவியமும் எழுதுகிறோம், கண்ணுக்கு மையும் எழுதுகிறோம். 1896 ஜூலை 7 அன்று இதே ஊரில், வாட்சன் ஓட்டலில், பிரான்ஸின் லூமியேர் சகோதரர்களுடைய படங்களைக் காட்டிய சினிமாட்டோகிராப்போ முழுக்கக் கிரேக்கம்: அசைவை எழுதும் கருவி.

காணொளி அவற்றுக்குச் சற்றும் இளைத்த சொல் அல்ல. காண் + ஒளி, வினைத்தொகை. கண்ட ஒளி, காண்கின்ற ஒளி, காணும் ஒளி என மூன்று காலமும் அதற்குள் இருக்கின்றன. இன்று எடுத்து இருபது ஆண்டு கழித்துப் போட்டுப் பார்க்கும் கல்யாண வீடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது? 'கானொளி' என்றால் காட்டு வெளிச்சம். 'காணொலி' என்று எழுதி, காட்சியும் ஒலியும் சேர்ந்தது என்று விளக்குவோரும் உண்டு. வினைத்தொகையாகப் பிரித்தால் அது காணும் ஓசை ஆகிவிடுகிறது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

ஆகவே கேட்டுக்கொள்வது இது. கேமரா மட்டும் பார்ப்பவரை ஒளிப்பதிவாளர் என்று போடுங்கள். படம் பிடித்து, ஒலி சேர்த்து, தொகுத்தும் தருபவர் ஒருவரே என்றால் காணொளிக் கலைஞர். நடுவில் க் விடுபடக் கூடாது. 'காணொளிப் பதிவாளர்' பிழையில்லை, ஆனால் பதிவாளர் என்றதும் பத்திரப்பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். தொகுப்பு மட்டும் செய்பவர் படத்தொகுப்பாளர்.

அச்சகத்துக்கு வாசகத்தைக் கையால் எழுதித் தராமல் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்து உடைந்தால், தமிழ் படிக்கத் தெரியாதவர் வடிவத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்க நேரும். இறுதிப் படி வந்ததும் தமிழ் அறிந்த ஒருவர் ளி, லி வரும் இடங்களை மட்டுமாவது எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள்.

அன்புடன்,
மும்பைத் தமிழ்க் காணொளிக் கலைஞர்கள் சிலர்