சீட்டில் வெறும் 'சிஆர்பி' எழுதும் இதய மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

நான் லேப் டெக்னீஷியன். நீங்கள் எழுதும் சீட்டுகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன. அதில் வெறுமனே 'சிஆர்பி' (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) என்று இருந்தால், கருப்புத் தகட்டில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு லேட்டக்ஸ் (சிஆர்பி இருந்தால் திரளும் கரைசல்) விட்டுக் கலந்து இரண்டு நிமிடம் ஆட்டுவேன். திரிதிரியாகத் திரண்டால் பாசிட்டிவ். பால் மாதிரி அப்படியே நின்றால் நெகட்டிவ்.

லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இந்தச் சோதனைக்குத் தெரியாது. தொற்றைத் தேட அது போதும். ஆனால் இதய ஆபத்துக்கு நீங்கள் பார்க்கும் எல்லைகள் 1, 3. மூன்றைத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்பீர்கள். ரத்தத்தில் 5 உள்ளவரிடம் நான் 'நெகட்டிவ்' என்ற தாளைக் கொடுக்கிறேன். அவரும் நிம்மதியாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்.

இந்தச் சின்ன எண்கள்தான் முக்கியம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் துறைதான். உடம்பில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியில் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கிறது. அது சொல்லித்தான் கல்லீரல் சிஆர்பியைச் செய்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் இது உயர்ந்தே இருப்பவர்கள் மறுபடி மருத்துவமனைக்கு வருவதும் இறப்பதும் அதிகம். இன்னும் அந்த நோய் வராதவர்களிடமும் பின்னால் வரக்கூடும் என்பதற்கு இது ஓர் அறிகுறி. ஆகவே 'ஹெச்எஸ்' (ஹை சென்சிட்டிவிட்டி, சின்ன அளவையும் காட்டும் சோதனை) என்ற இரண்டெழுத்தைச் சேர்த்து எழுதுங்கள். அது வேறு கருவி, வேறு அளவு.

எண் 10-ஐத் தாண்டினால் உடனே இதயத்தின் மேல் பழி போட வேண்டாம். சொத்தைப் பல்லில் சீழ் கோத்திருந்தாலும் ஏறும். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கலாம். சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே நியூட்ரோஃபில், லிம்போசைட் என்ற இரண்டு வெள்ளணு வகைகளும் இருக்கின்றன. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் விகிதமும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்லும். கூடுதல் செலவு இல்லை.

எண்ணை இறக்கிவிட்டால் ஆள் பிழைத்துவிடுவார் என்றும் சொல்லிவிட முடியாது. இதயச் செயலிழப்பில் அழற்சியை அடக்க இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அதிக டோஸ் வாங்கியவர்களின் நிலை மோசமானது. மாரடைப்பு வந்தவர்களுக்கு கனாகினுமாப் என்ற இன்னொரு அழற்சி மருந்தைக் கொடுத்த 2017 ஆய்வில் பலன் தெரிந்தது, கூடவே உயிர்க்கொல்லித் தொற்றுகளும் கூடின. நோயாளிக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் தாளில் அதற்கு இடமில்லை.

அப்புறம், சளி காய்ச்சல் இருந்ததா என்று சீட்டின் ஓரத்தில் ஒரு வரி. சந்தேகம் வந்தால் போன் செய்வோம், தயவுசெய்து எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்