பாப்பாவுக்கு, கேமரா விஷயமா

பாப்பா,

நல்லாருக்கியா. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, டாக்டர் நடங்கன்னு சொல்றார், இவ நடக்க மாட்டேங்குறா, ஆனா வத்தல் காய்ஞ்சிருச்சான்னு பாக்க மொட்டை மாடிக்கு மட்டும் ஏறி ஏறி இறங்குவா. போன்ல பேசலாம்னா நீ "ம்", "சரிப்பா", "மீட்டிங் இருக்குப்பா" இந்த மூணுலயே முடிச்சிர்ற, அதான் டைப் பண்றேன். டைம் கிடைக்கறப்ப படி. நீல டிக் வந்துச்சா இல்லையான்னு நான் பாத்துட்டு உக்காந்திருக்க மாட்டேன், உங்கம்மா உக்காந்திருப்பா.

விஷயம் ஒண்ணுதான். அந்த கேமராவ வெளிய எடு.

அங்க வந்திருந்தப்ப பாத்தேன், பீரோ மேல பேக்கோட கிடக்கு, மேல தூசி. நான் ஒண்ணும் கேக்கல, கேட்டிருந்தா நீ கிச்சனுக்கு எந்திரிச்சு போயிருப்ப. ஆனா ஒண்ணு சொல்லிர்றேன், சென்னை காத்துல இருக்கற ஈரத்துக்கு கேமராவ பேக்குக்குள்ள மூடி வச்சா லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிரும், சிலந்தி நூல் மாதிரி உள்பக்கம் படரும், அப்புறம் தொடச்சாலும் கண்ணாடியில தழும்பு நின்னுரும். ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கு, நல்லா மூடற டப்பா, உள்ள சிலிகா ஜெல் போட்டு வை. நீல மணி பிங்க் ஆயிருச்சுன்னா ஈரத்த இழுத்துக்கிச்சுன்னு அர்த்தம், ஏதாவது பழைய தகர மூடியில போட்டு சூடு காட்டுனா திரும்ப நீலமாயிரும், சமையல் கடாயில போட்டுறாத. பேட்டரியையும் அப்பப்ப சார்ஜ் பண்ணி வைக்கணும், மொத்தமா இறங்குன நிலையில மாசக்கணக்குல கிடந்தா அது செத்துப் போயிரும். கேமரா யார் வாங்கிக் குடுத்தா என்ன, அது கேமராவுக்கு தெரியுமா. உன் கண்ணுதான் பாக்குது, உன் விரல்தான் அமுக்குது. இதுக்கு மேல இதப் பத்தி நான் பேசல.

அங்க ஏதாவது ஒரு போட்டோ கிளப்ல சேந்துரும்மா. நான் விசாரிச்சிட்டேன். போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் இருக்கு, 1857ல ஆரம்பிச்சது. எழும்பூர் ஓவியக் கல்லூரிய தொடங்குன அலெக்ஸாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர், அவர்தான் இதுக்கும் முன்னால நின்னவர். யோசிச்சுப் பாரு, சிப்பாய்க் கலகம் நடந்த வருஷத்துல மெட்ராஸ்ல பத்து பேர் ஒண்ணா உக்காந்து ஒளி, கெமிக்கல்னு பேசிட்டு இருந்திருக்கான். அது கொஞ்சம் பெரியவங்க கூட்டமா இருக்கும்னு உனக்கு தோணுச்சுன்னா சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்னு ஒண்ணு இருக்கு, வாரக் கடைசில கூட்டமா நடந்து போட்டோ எடுக்கறவங்க, சின்ன வயசு பசங்க நிறைய. எதுல வேணா சேரு. ரெண்டுலயும் சேந்தாலும் எனக்கு சந்தோஷம்தான்.

நீ என்ன சொல்லுவன்னு தெரியும். யூட்யூப்ல எல்லாம் இருக்குப்பா, கிளப்புக்கு எதுக்கு போகணும். இருக்கு. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் எங்கள விட அழகா சொல்லித் தர்றாங்க, நானே பாக்கறேன். ஆனா யூட்யூப் உன் போட்டோவ பாக்காதும்மா. நீ எடுத்தத ஒருத்தன் கையில வாங்கி, தள்ளிப் புடிச்சுப் பாத்து, இங்க கண்ணு நிக்கல வெளிய ஓடுதுன்னு சொல்றது வேற. குடும்ப குரூப்ல போட்டா என்ன வரும், சின்ன மாமா மூணு தீ, ஸ்ரீரங்கத்து அத்தை "சூப்பர் டா தங்கம்", அவ்வளவுதான். அத்தை நீ எடுத்தத தொறந்து கூட பாத்திருக்க மாட்டா. (அத்தை அன்னைக்கு பந்தியில சொன்னத நீ இன்னும் மனசுல வச்சிருக்கன்னு அம்மா சொன்னா. விட்ரு. அவ எப்பவும் அப்படித்தான், எங்க அப்பாவையே விட்டு வைக்கல.)

நம்ம டவுன்ஷிப்ல நாங்க நடத்துனோமே அந்த கிளப்ப பத்தி நீ கிண்டல் பண்ணுவ, போண்டா கிளப்புன்னு. போண்டாவும் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா மாசக் கடைசில பிரிண்ட் எடுத்துட்டு வந்து வரிசையா சுவத்துல சாச்சு வைப்போம், பின்னால பேர் எழுதியிருக்கும், முன்னால எதுவும் இருக்காது. ஜட்ஜா வர்றவர் நம்ம டிராயிங் மாஸ்டர். அவர் கையில கறுப்பு அட்டையில எல் மாதிரி வெட்டுன ரெண்டு துண்டு இருக்கும். அந்த ரெண்டையும் சேத்தா ஒரு சட்டம் ஆயிரும், படத்து மேல வச்சு கொஞ்சம் கொஞ்சமா நகத்துவார், நெருக்குவார், விரிப்பார், பேசவே மாட்டார். நான் எடுத்த ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை படம், நான் ரொம்ப பெருமையா கொண்டு போனது, ஆறு, வானம், தென்னை மரம், குளிக்கறவங்க, ஐயர் எல்லாம் இருக்கும் அதுல. அவர் அட்டைய நகத்திக்கிட்டே வந்து வானத்த மூடுனார், மரத்த மூடுனார், ஐயரையும் மூடிட்டார். கடைசியா மிச்சம் என்னன்னா ஒரு பாட்டி புடவையப் பிழியற ரெண்டு கையும் கீழ சொட்டற தண்ணியும். "படம் இங்க இருக்கு சார், மத்தது எல்லாம் லக்கேஜ்"னு சொல்லிட்டு அடுத்த படத்துக்கு போயிட்டார். எனக்கு வந்த கோவம் இருக்கே, கொஞ்ச நாள் அவரோட பேசவே இல்ல. அப்புறம் ஒரு ராத்திரி பாத்ரூம்ல என்லார்ஜர வச்சு அவர் சொன்ன மாதிரியே பிரிண்ட் போட்டேன். ட்ரேயில அந்த கை மட்டும் மெதுவா கறுத்து மேல வந்துச்சு. நம்ம ஹால்ல மாட்டியிருக்கே அதேதான். அன்னைக்கு துண்டுல ஹைப்போ கெமிக்கல் கறை ஆக்கிட்டேன்னு உங்கம்மா இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்றா.

செலவும் பங்காயிரும். அப்பல்லாம் 100 அடி டின்னா ஓர்வோ பிலிம் வாங்கி, கறுப்புத் துணிப் பைக்குள்ள கைய விட்டு நாங்களே சுத்திக்குவோம், ஒரு டின்னுல 36 படம் ரோல் 18 வரும், பிரிச்சுக்குவோம். இப்ப பிலிம் இல்ல, ஆனா லென்ஸ் இருக்கே. பறவை எடுக்கற 150-600 லென்ஸ் ஒண்ணு லட்ச ரூபாய ஒட்டி வருது. கிளப்ல ஒருத்தர்கிட்ட இருந்தா ஒரு காலைக்கு மாட்டிப் பாத்துட்டு நமக்கு இது வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணலாம். முக்கால்வாசி பேருக்கு வேணாம். உனக்கும் வேணாம், உனக்கு மனுஷங்கதான் நல்லா வரும்.

ஆனா உன் பால்கனில இருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம் தெரியுது, அத சும்மா விடறியே அதுதான் எனக்கு தாங்கல. 2022ல ராம்சர் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்திருக்காங்க அத. பூநாரை வருது, கூழைக்கடா வருது, நீலத் தாழைக்கோழி அந்த நாணல் மேல சேப்புக் காலத் தூக்கி வச்சு நடக்குது. நான் வந்திருந்தப்ப விடியக்காலைல நின்னு பாத்தேன். நீ ஸ்கிரீன போட்டு மூடியிருந்த.

காசிமேடு, கொத்தவால்சாவடி பக்கம், மயிலாப்பூர் அறுபத்து மூவர், பழவேற்காடு, இங்கல்லாம் ஒரு பொண்ணு தனியா கேமராவோட நின்னா ஆயிரம் பேர் ஆயிரம் கேள்வி கேப்பான். கூட நாலு பேர் இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். இத நான் அப்பாங்கறதால பயந்து சொல்லல, சரி, பயந்துதான் சொல்றேன்.

கிளப்புல எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். லென்ஸ் ஜம்பம் அடிக்கறவன் இருப்பான், ஆளுக்கொரு பீரங்கி தூக்கிட்டு வந்து பீரங்கிய பத்தியே பேசுவான். பேருக்குப் பின்னால பட்டம் போட்டுக்கறதுக்காகவே எடுக்கறவன் இருப்பான், ஃபியாப்புன்னு 1950ல ஐரோப்பால ஆரம்பிச்ச சம்மேளனம், இங்க 1953ல இருந்து இந்திய சம்மேளனம், இவங்க அங்கீகாரம் குடுத்த சலூன்ல, அதான் போட்டோ போட்டிக் கண்காட்சில, படம் ஏறுனா புள்ளி, புள்ளி சேந்தா பட்டம். எனக்கும் ஒரு காலத்துல அந்த ஆசை இருந்துச்சு, தப்பு இல்ல, ஆனா அதுல மாட்டுனா எல்லா படமும் ஒரே மாதிரி ஆயிரும், அதே பனி, அதே மாட்டு வண்டி, அதே குடை புடிச்ச பொண்ணு. இன்னொண்ணு, மீனவ கிராமத்துல ஒரு பாட்டிய உக்கார வச்சு சுத்தி பதினஞ்சு பேர் லென்ஸ நீட்டுவான் பாரு, அங்க நிக்காத, தள்ளிப் போயிரு. கூட்டுல இருக்கற குஞ்சையும் எடுக்காத, தாய்ப்பறவை பயந்து விட்டுட்டுப் போயிரும், நிறைய போட்டியில கூட்டுப் படத்த வாங்கறதே இல்ல இப்பல்லாம். உனக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதே இல்ல. நீ காலேஜ் படிக்கறப்பவே கேட்டுட்டுதான் எடுப்ப.

அந்த கொள்ளிடம் இரும்புப் பாலத்த நீ எடுத்த படம் இருக்கே, 1928ல கட்டுன பாலம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல தூண் சரிஞ்சு போச்சு. நீ எடுத்தது அதுக்கு முன்னால, சைக்கிள்ல ஒருத்தர் பால் கேனோட போறார், கம்பி நிழல் அவர் முதுகு மேல வரி வரியா விழுந்திருக்கும். வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான் அதத்தான் காட்றேன். என் பாட்டி கை படத்த காட்றதில்ல. எங்க பொண்ணு எடுத்ததுன்னு சொன்னா போட்டோகிராஃபரான்னு கேக்கறாங்க, இல்ல சாஃப்ட்வேர்னு சொல்ல வேண்டியிருக்கு. அப்படி எடுத்தவ தீபாவளிக்கு வந்துட்டு ஒரு படம், செல்போன்ல கூட ஒரு படம் எடுக்கல. அம்மா புதுப்புடவை கட்டிட்டு உன் ரூம் வாசல்ல வந்து நின்னா, நீ நிமிரவே இல்ல. அவ ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன்.

சரி, அது போகட்டும்.

கிளப்புல மாசா மாசம் ஒரு தலைப்பு குடுப்பாங்க, கை, கதவு, மழைன்னு. கேக்க சின்னப்புள்ளைத்தனமா இருக்கும். கதவுன்னு குடுத்த மாசம் நான் உத்திர வீதி, சித்திரை வீதி எல்லாம் வெறும் கதவா பாத்துக்கிட்டு நடந்தேன், மனசுல வேற ஒண்ணும் ஓடல. அந்த மாசம்தான் ஃபேக்டரில பிரமோஷன் லிஸ்ட் வந்து என் பேர் இல்லாம போனது, உனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும்.

உனக்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டிக் குடுத்த மாமா, அவர் பேர இங்க எழுத வேணாம், அவர் வீட்டுல அது நடந்தப்புறம் அவர் எங்கயும் போகல, கோயிலுக்கு போகல, கல்யாணத்துக்கு போகல, ஏன்னா எங்க போனாலும் கைய புடிச்சுக்கிட்டு எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. கிளப்புக்கு மட்டும் வந்தார். ஏன்னா நாங்க அப்பர்ச்சர் எஃப் எட்டா பதினொண்ணான்னுதான் கேட்டோம். வேணும்னு கேக்காம இருக்கல, எங்களுக்கு அத விட்டா கேக்கத் தெரியாது. ரொம்ப நாள் கழிச்சு, காவேரிக் கரையில ஸ்டாண்ட மடக்கிட்டு இருக்கறப்ப அவரா ஆரம்பிச்சார், எல்லாத்தையும் சொன்னார். நான் லென்ஸ் மூடிய தேடற மாதிரி கீழ பாத்துக்கிட்டே கேட்டேன்.

அங்க யாரும் உன்ன ஏன் தனியா இருக்க, ஊருக்கு எப்ப போற, அவரு எங்கன்னு கேக்க மாட்டாங்க. படம் நல்லாருக்கா, ஷேக் ஆயிருச்சா, அவ்வளவுதான் பேச்சு. உன் படத்த குறை சொல்லுவாங்க, உன்ன சொல்ல மாட்டாங்க. இப்ப அது உனக்கு வேணும்னு எனக்குப் படுது. எனக்குப் படறது தப்பா கூட இருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை போனா பெரும்பாலும் ஒம்பது ஒம்பதரைக்குள்ள திரும்பிரலாம். இட்லி சாப்ட்டுட்டு வந்து படுத்துக்க, யாரு கேக்கப் போறா. சந்தா ஏதாவது கட்டணும்னா சொல்லு, ஜிபேல போடறேன். நீ சம்பாதிக்கற, தெரியும். இருந்தாலும் நான் போடறேன். டப்பா வாங்குனியா, சிலிகா ஜெல் மறந்துறாத, பேட்டரிய இன்னைக்கே சார்ஜ்ல போடு.

பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் அம்மா கட்டி வச்சிருக்கா, நம்ம மணியோட அண்ணன் வியாழக்கிழமை அங்க வர்றான், வேலைக்கு போற வழியில உன் கேட்டுல குடுத்துருவான். கீழ இறங்கி வந்து வாங்கிக்க, செக்யூரிட்டிகிட்ட விட்டுட்டுப் போன்னு சொல்லாத.

அப்புறம், வக்கீல் நம்பர அம்மாகிட்ட திரும்பக் கேட்டியாம், தனியா அனுப்பியிருக்கேன் பாரு. தேதி என்னைக்குன்னு மட்டும் சொல்லு, நான் பல்லவன் எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்துர்றேன். உள்ள வரல, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன். வரவேணாம்னா வேணாம்னு எழுது, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா பதில் எழுது.

அப்பா