கடலைத் துப்புரவு செய்ய முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் சேரும் பிளாஸ்டிக் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், கடற்கரையில் குப்பை பொறுக்கும் தன்னார்வலர்களின் படமோ, மிதக்கும் கழிவை அள்ளும் புதிய கருவியைப் பற்றிய குறிப்போ உடன் வருவது வழக்கமாகிவிட்டது. அப்பணிகளை நான் குறைகூறவில்லை. ஆனால், சேர்ந்ததையெல்லாம் என்றாவது ஒருநாள் வாரி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையை அவை வளர்க்கின்றன. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

2010இல் மட்டும் 48 லட்சம் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் நிலத்திலிருந்து கடலுக்குள் போயிருக்கும் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. உலகக் கடல்கள் அனைத்தின் மேற்பரப்பிலும் மிதப்பதோ சுமார் 2 லட்சத்து 69 ஆயிரம் டன் என்பது 2014ஆம் ஆண்டு மதிப்பீடு. பின்னர் வந்த கணக்குகள் இவ்விரண்டு எண்களையும் திருத்தியிருக்கின்றன என்றாலும், கண்ணுக்குத் தெரிவது முழுமையல்ல என்பதில் ஐயமில்லை. மீதி கரைமணலிலும் கடலடிச் சேற்றிலும் புதைந்து கிடக்கிறது. பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான பள்ளமான மரியானா அகழியில் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது 1998இலேயே படமாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே எந்த வலையை வீசுவது?

வெயிலும் அலையும் பிளாஸ்டிக்கை உடைக்கின்றனவே தவிர, மட்கச் செய்வதில்லை; வெளிச்சமும் வெப்பமும் எட்டாத ஆழத்தில் அந்த உடைதலும் மிக மெதுவாகவே நடக்கிறது. உடைந்த நுண்துகள்களை மிதவை உயிரிகள் உண்கின்றன, அவற்றை மீன்கள் உண்கின்றன. பல நாடுகள் எப்போதோ தடைசெய்துவிட்ட பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள், டிடிடி என்ற பூச்சிக்கொல்லி போன்ற நச்சுகள் இத்துகள்களில் படிந்து சேர்கின்றன என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கடற்பறவைகளின் நிலை இன்னும் கொடுமையானது. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் மீது பாசி படரும்போது டைமீதைல் சல்பைடு என்ற வாயு வெளிப்படுகிறது. இரை இருக்கும் இடத்தை அந்த வாசனையைக் கொண்டே கண்டறியும் சில பறவையினங்கள் பிளாஸ்டிக்கையும் இரையென்றே விழுங்கிவிடுவதாக 2016இல் வெளியான ஆய்வு கூறியது. இதைப் பறவையின் அறியாமை என்று சொல்வதற்கில்லை. அதன் மூதாதையரை வாழவைத்த மோப்பமே இன்று அதை ஏமாற்றுகிறது. பவளப்பாறைகளும் தப்பவில்லை. ஆசிய பசிபிக் பகுதியில் 159 பாறைத்திட்டுகளை ஆராய்ந்தவர்கள், பிளாஸ்டிக் படிந்த பவளங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 4 விழுக்காட்டிலிருந்து 89 விழுக்காடாக உயர்வதாக 2018இல் தெரிவித்தார்கள்.

ஒருமுறை சிந்தியதை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, 2021இல் கொழும்பு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் போதுமான சான்று. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கொட்டின. பருப்பளவே இருந்த அக்குருணைகளை மணலிலிருந்து சலித்தெடுக்கக் கடற்கரையெங்கும் ஆட்கள் பாடுபட்டார்கள். முழுவதையும் எடுக்க முடியவில்லை.

ஆகவே, தடுக்க வேண்டிய இடம் உற்பத்திதான். ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் உற்பத்தியாகும் பிளாஸ்டிக்கில் பத்தில் ஒரு பங்குகூட மறுசுழற்சி ஆவதில்லை. உலகளாவிய ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க 2022 மார்ச்சில் நைரோபியில் முடிவெடுத்த நாடுகள், 2024இல் தென்கொரியாவின் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடு காணாமலே கலைந்தன. உற்பத்திக்கு உச்சவரம்பு விதிப்பதை எண்ணெய் வளமிக்க நாடுகள் ஏற்க மறுத்ததே இழுபறிக்கு முக்கியக் காரணம். தூய்மைப் பணிக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது இப்பேச்சுவார்த்தைகளுக்குத் தங்கள் நாளிதழ் ஒதுக்க வேண்டும். எந்த நாடு எந்தப் பிரிவை எதிர்த்தது, நமது அரசு அங்கே என்ன நிலைப்பாடு எடுத்தது என்பவற்றையும் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்