நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? முதல் ஸ்கேனிலேயே எழுத வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் இரட்டைக் கர்ப்பம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'இரண்டு பிள்ளைகள் இருந்தால் வயிறு பெரிதாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம்' என்று அதில் ஒரு வரி. நான்கு வருடத்துக்கு முன் இதே வரியை என்னிடமும் பலர் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நான் தையல் வேலை செய்பவள். அளவு டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும். 18ஆவது வாரத்தில் எனக்கே ஒரு நைட்டி தைக்க வயிற்றைச் சுற்றி அளந்தேன். 9 நாள் கழித்துப் போட்டுப் பார்த்தால் பக்கத் தையல் இழுக்கிறது. நம் கைத் தப்போ என்று மறுபடி அளந்தேன். 3 அங்குலம் கூடியிருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. 'இரட்டை என்றால் அப்படித்தான்' என்றார்கள். எனக்கென்னவோ டேப் பொய் சொல்லாது என்று தோன்றியது. போய் ஸ்கேன் எடுத்தேன்.

ஒரு பிள்ளையைச் சுற்றி 11 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர். இன்னொன்றுக்கு 1 செ.மீ. கூட இல்லை. அந்த வாரத்தில் 8 செ.மீ.க்கு மேல் போனால் அதிகம், 2 செ.மீ.க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்காம். தண்ணீர் குறைந்த சின்னவனின் பனிக்குட உறை அவன் மேலேயே சுற்றிக்கொண்டு, உடம்போடு ஒட்டித் தைத்த சட்டை மாதிரி இருந்தது. கை காலை மடக்கக்கூட இடமில்லை. அவனுடைய சிறுநீர்ப்பையும் ஸ்கேனில் தெரியவில்லை. இரண்டாம் நிலை டி.டி.டி.எஸ்., அதாவது இரட்டையரில் ஒருவனின் ரத்தம் மற்றவனுக்குப் போய்விடும் கோளாறு என்றார் டாக்டர்.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பிள்ளைகள் இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி. அதன் மேல் ஒருவனுடைய ரத்தக்குழாய் மற்றவனுடையதோடு இணைந்திருக்கும். ஒரே நஞ்சுக்கொடி உள்ள எல்லா இரட்டைக்கும் இந்த இணைப்புகள் உண்டு, போகிற ரத்தமும் வருகிற ரத்தமும் சரியாக இருந்தால் தொந்தரவு இல்லை. நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு அது ஒருதலையாகப் போய்விடுகிறது. கொடுப்பவனுக்கு ரத்தம் குறைந்து சிறுநீர் நின்றுபோகும், தண்ணீரும் வற்றிவிடும். வாங்குபவனுக்கு ரத்தம் மிகுந்து ஓயாமல் சிறுநீர் போவான். பனிக்குடம் பெருக்கும், இதயம் திணறும். பாவம், அவனும் சுகமாக இருக்கிறான் என்று சொல்ல முடியாது. அப்படியே விட்டால் பெரும்பாலும் இருவருமே தங்குவதில்லை.

ஒரு உறவுக்காரர் தையல் மிஷினை மிதித்ததால்தானே இப்படி ஆயிற்று என்று கேட்டார். நஞ்சுக்கொடி உருவாகும்போதே அந்த இணைப்புகளும் உருவாகிவிடுகின்றன, நீங்கள் மிதித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இரண்டு நாளில் லேசர் சிகிச்சை. வயிற்றில் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்து, லேசாக மயக்கம் கொடுத்து, 3 மி.மீ. அளவுள்ள குழாய் ஒன்றை உள்ளே விட்டார்கள். அதன் நுனியில் கேமரா. திரையில் நஞ்சுக்கொடி தெரிந்தது. கருத்திருப்பது தமனி, சிவந்திருப்பது சிரை என்றார் டாக்டர். பள்ளியில் படித்ததற்கு நேர்மாறு! பிள்ளை நஞ்சுக்கொடிக்கு அனுப்புவது பிராணவாயு தீர்ந்த ரத்தம், அதனால்தான் அங்கே தமனி கறுப்பு. இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சுட்டு அடைத்தார். அதோடு விடாமல், சுட்ட புள்ளிகளையெல்லாம் சேர்த்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடாகவும் இழுத்தார். கண்ணுக்குத் தப்பிய பொடிக்குழாய் ஏதாவது இருந்தால் அதுவும் அடைபடுமாம். இடைவெளி விட்டுப் போட்ட தையல் மேல் மிஷின் தையல் ஓட்டுகிற மாதிரி. கடைசியில் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரை வடித்தார்கள். அன்று ராத்திரிதான் நன்றாக மூச்சு விட்டேன்.

மறுநாள் காலை ஸ்கேனில் சின்னவனின் இதயம் நின்றிருந்தது.

இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வரவில்லை. ஆனால் 'அவ்வளவு செய்தும் வீணாகிவிட்டதே' என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீணாகவில்லை. இணைப்புகள் திறந்திருக்கையில் ஒரு பிள்ளை இறந்தால் மற்றவனின் ரத்தம் சட்டென்று அந்தப் பக்கம் இறங்கிவிடும். அவனும் போகலாம், இல்லை மூளை பாதிக்கப்படலாம். என் பெரியவனின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை டாக்டர் திரையில் காட்டினார், சீராக இருந்தது. அப்புறம் 14 வாரம் இருவரையும் சேர்த்தே சுமந்தேன். 34ஆவது வாரத்தில் பெரியவன் பிறந்தான். இப்போது என் சாக்குக்கட்டியைத் திருடிச் சுவரில் கோடு போடுகிறான்.

இந்தச் சிகிச்சையும் புதிதில்லை. அமெரிக்க டாக்டர் ஜூலியன் டி லியா 1990இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். லேசரையும், தண்ணீரை மட்டும் அவ்வப்போது வடித்துவிடும் பழைய முறையையும் ஐரோப்பாவில் ஒப்பிட்டுப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிள்ளையாவது பிறந்து 28 நாள் தாண்டியது லேசரில் 76 சதவீதம், மற்றதில் 56 சதவீதம். பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, குறைமாதப் பிரசவம் எல்லாம் லேசரிலும் உண்டு. கையெழுத்து வாங்கும்போதே என்னிடம் அதை ஒளிக்காமல் சொன்னார்கள்.

என் மனத்தாங்கல் அதற்கு முந்தைய கட்டத்தில்தான். 12ஆவது வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன். 'இரண்டு கரு, இரண்டுக்கும் இதயத்துடிப்பு சீர்.' அவ்வளவுதான். நஞ்சுக்கொடி எத்தனை என்று ஒரு சொல் இல்லை. அடுத்து 20ஆவது வாரம் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்று இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் பார்த்தால் மிகச் சுலபமாகத் தெரிகிற விஷயம் இது. இரண்டு பனிக்குடத்துக்கும் நடுவே உள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் ஆப்பு மாதிரி தடித்திருந்தால் நஞ்சுக்கொடி இரண்டு. மெல்லியதாக வந்து நேராக முட்டினால் ஒன்று. 14 வாரம் தாண்டிவிட்டால் இந்த அடையாளம் மங்கத் தொடங்கும். பிறகு இரண்டும் ஒட்டி வளர்ந்து ஒன்று போலவும் தோன்றலாம். ஒன்று என்று எனக்கு அன்றே சொல்லியிருந்தால் 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போயிருப்பேன். சின்னவன் பிழைத்திருப்பான் என்று சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. டேப்பை நம்பி ஓட வேண்டியிருந்திருக்காது.

அந்தக் கட்டுரையை மறுபடி வெளியிட்டால், 'பயப்பட வேண்டாம்' என்ற வரிக்குப் பக்கத்தில் இதையும் சேர்த்துப் போடுங்கள்: இரட்டை என்று தெரிந்த அன்றே நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று கேளுங்கள், பதிலை ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். ஒன்று என்றால் வயிறு எவ்வளவு பெரிது என்று பார்ப்பதைவிட, எத்தனை நாளில் பெரிதாயிற்று என்று பாருங்கள்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் வாசகி