உட்கார்ந்தால் எழ முடியாத பெஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்கு வயது 72. நாற்பது வருடமாக இதே மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். போன வருடம், மூத்தோர் வீடுகளைப் பாதுகாப்பாக மாற்றித் தரும் ‘ஈஸ்’ திட்டத்தில் குளியலறையில் கைப்பிடி பொருத்தி, தரையையும் வழுக்காதபடி செய்து கொடுத்தார்கள். குடிமக்களுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கமே ஏற்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரச்சினை வீட்டுக்கு வெளியே. சந்தைக்குப் போகும் வழியில் ஒரே ஒரு கல் பெஞ்சு. சாய்மானமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. உட்கார்ந்துவிடலாம், எழுவதுதான் பாடு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கு முட்டி வலி. சாமான் தள்ளுவண்டியைப் பிடித்து எழப் பார்த்தார்; வண்டி நகர்ந்துவிட்டது. நல்லவேளை, ஒரு தம்பி தாங்கிக்கொண்டார். தக்காளிதான் உருண்டது.

இப்போது எங்கள் நகர மன்றம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறது. படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. மூத்தோர் வீடு, மருத்துவ நிலையம், உணவங்காடி எல்லாம் ஒரே கட்டடத்தில் உள்ள, 2018இல் திறக்கப்பட்ட ‘கம்போங் அட்மிரல்ட்டி’ போல வேண்டும் என்று நான் கேட்கவில்லை; அது பேராசை. கைப்பிடி வைத்த பெஞ்சு நான்கு, அப்புறம் மருந்தகத்துக்கு முன்னாலுள்ள மூன்று படிக்கு ஒரு சரிவுப்பாதை. முதலில் அதைச் செய்யட்டும்.

ஒரு மூத்த வாசகி,
சிங்கப்பூர்